பால் மோஷனை ஏன் யாரும் கேட்பதில்லை?

பில் எவன்ஸின் மூவர் குழுவைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு இரண்டு தேதிகள் போதும். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை: நியூயார்க்கில் வில்லேஜ் வேன்கார்ட் என்னும் நிலவறை இசைவிடுதியில் ஒரே நாளில் ஐந்து அமர்வுகள் ஒலிப்பதிவாகின்றன. ஜூலை 6: பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ கார் விபத்தில் இறக்கிறார், வயது 25. இடையில் பதினோரு நாட்கள். இதை எழுதியவுடன் கட்டுரை தானாகவே கண்ணீர் சிந்தத் தொடங்கிவிடுகிறது. இசையைக் கேட்கும் சிரமம் எழுதுகிறவருக்கும் இல்லை, வாசிப்பவருக்கும் இல்லை.

எங்களுடைய ஆட்சேபம் துக்கத்தின் மீதல்ல. மூன்று பேர் வாசித்த இசையை, ஒரு மேதையும் ஒரு மரணமுமாகச் சுருக்கிவிட்டதன் மீது. மூன்றாமவர் எங்கே?

டிரம்ஸ் கலைஞர் பால் மோஷன் இந்தக் குழுவுக்குக் கடைசியில் கிடைத்த ஆள் அல்ல. 1956இல் எவன்ஸ் தன் பெயரில் பதிவுசெய்த முதல் இசைத்தட்டிலேயே அவர் இருக்கிறார். மைல்ஸ் டேவிஸின் குழுவிலிருந்து விலகிய எவன்ஸ் 1959இல் சொந்தக் குழு அமைத்தபோது புதிதாக வந்தவர் லஃபாரோதான். அந்த ஆண்டு டிசம்பர் 28 அன்று 'போர்ட்ரெய்ட் இன் ஜாஸ்', 1961 பிப்ரவரியில் 'எக்ஸ்ப்ளோரேஷன்ஸ்', இடையில் பேர்ட்லேண்ட் போன்ற விடுதிகளில் இரவு வாசிப்பு, பிறகு அந்த ஞாயிறு. மொத்தமே ஒன்றரை ஆண்டுச் சொச்சம்.

அதுவரை பியானோ மூவரில் வேலைப் பிரிவினை தெளிவாக இருந்தது. பியானோ பேசும், பாஸ் ஒவ்வொரு அடியையும் ஊன்றி நடக்கும், டிரம்ஸ் காலத்தைக் காவல் காக்கும். லஃபாரோ நடப்பதை நிறுத்திவிட்டுப் பியானோவுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தார். புரட்சி என்கிறார்கள், சரி. ஆனால் பாஸ் தன் கடமையைக் கைவிட்ட பிறகு காலம் எங்கே நிற்கிறது? வேறொரு டிரம்ஸ்காரர் பதறிப்போய்த் தாளத்தை இன்னும் அழுத்திச் சொல்லியிருப்பார். லஃபாரோவின் பேச்சு அதில் அமுங்கிப்போயிருக்கும். மோஷன் அதைச் செய்யவில்லை. மிருதங்கக்காரர் கையை எடுத்துவிட்ட இடத்திலும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் கச்சேரி ரசிகருக்கு இதை விளக்கவேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தோம்.

'மை ஃபூலிஷ் ஹார்ட்' கேளுங்கள். தோலின்மேல் பிரஷ் உரசுவதும் சிம்பல் கரைவதும் தவிர டிரம்ஸ் என்று சொல்ல அதிகமில்லை; ஆனால் அந்த உரசலை எடுத்துவிட்டால் பாடல் நிற்க இடமில்லை. 'வால்ட்ஸ் ஃபார் டெபி'யில் பியானோவும் பாஸும் மட்டுமே மூன்றடித் தாளத்தில் தொடங்குகின்றன. மோஷன் காத்திருக்கிறார். நாலடிக்கு மாறும்போது நுழைகிறார். பாடல் நகரத் தொடங்குகிறது. இதற்கு நம்மவர்கள் வைத்திருக்கும் சொல் 'பக்கவாத்தியம்'.

இந்த மறதிக்கு நியாயமான ஒரு காரணம் உண்டு. லஃபாரோ இறந்ததும், தயாரிப்பாளர் ஓரின் கீப்நியூஸும் எவன்ஸும் அவரை முன்னிறுத்தும் பதிவுகளாகப் பொறுக்கி முதல் தட்டை அமைத்தார்கள். அவர் இயற்றிய 'குளோரியாஸ் ஸ்டெப்'பில் தொடங்கி, அவருடைய 'ஜேட் விஷன்ஸ்'இல் முடியும். அட்டையிலும் அவர் பெயர் தனியாக உண்டு. நண்பனுக்குச் செய்த மரியாதை அது. அதையே விமர்சனமாக எடுத்துக்கொண்டு அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒப்பிப்பது சோம்பேறித்தனம்.

மோஷன் 1964இல் எவன்ஸை விட்டு விலகினார். பின்னாளில் சாக்ஸபோனில் ஜோ லொவானோ, கிதாரில் பில் ஃப்ரிசெல் என்று தனக்கொரு மூவர் குழு அமைத்துப் பல ஆண்டுகள் நடத்தினார். அதில் பாஸே கிடையாது! காலத்தை ஊன்றிச் சொல்ல ஆளே வேண்டாம் என்று அவர் எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார் என்பதற்கு வேறு சாட்சியம் எதற்கு? 2011இல், 80 வயதில் இறந்தார். இளமையில் சாகாதது அவர் செய்த குற்றம் போலும்.

அந்த ஞாயிறின் பதிவுகள் 2005இல் மூன்று குறுந்தகடுகளாக முழுமையாக வெளிவந்துவிட்டன. முதல் பாடலின் நடுவே மின்சாரம் நின்று ஒலி அறுபடும் இடம்கூட அதில் இருக்கிறது. இனியும் மோஷனுக்கு ஒரு வரி ஒதுக்காமல் இந்தக் குழுவைப் பற்றி எழுதுகிறவர், தட்டைக் கேட்காமல் அட்டையை மட்டும் படித்துவிட்டு எழுதுகிறார் என்றே நாங்கள் எடுத்துக்கொள்வோம்.