தானாக நிரம்பும் கட்டங்கள்

நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். சேலம் செவ்வாய்பேட்டையிலிருந்து ஜவ்வரிசி லோடு வெளிமாநிலத்துக்குக் கிளம்ப வேண்டும். லோடோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில்லைப் போட உட்கார்ந்தவர் சரக்கு வாங்கும் கடையின் ஜிஎஸ்டி எண்ணை அடிக்கிறார். அடுத்த கட்டத்துக்குப் போவதற்குள் கடையின் பெயர், முகவரி, பின்கோடு எல்லாம் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. “கம்ப்யூட்டரே போட்டுக்கிச்சு, சரியாத்தான் இருக்கும்” என்று அவர் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார். அந்த நம்பிக்கையைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டர் எதையும் யோசித்துப் போடவில்லை. நாம் அடித்த எண்ணை வைத்து ஜிஎஸ்டி பதிவேட்டில் ஒரு வரியைத் தேடி, அதில் இருப்பதை அப்படியே எடுத்துக் கட்டங்களில் வைக்கிறது. தாலுகா ஆபீஸில் பட்டா எண்ணைச் சொன்னதும் எழுத்தர் பதிவேட்டைப் புரட்டி வாசிப்பாரே, அதே வேலைதான். எண்ணைத் தப்பாகச் சொன்னால் அடுத்தவர் நிலத்தை வாசிப்பார். பதிவேட்டில் பழைய சங்கதி இருந்தால் பழையதையே வாசிப்பார். தானாக நிரம்பும் எந்தப் படிவத்திலும் தவறு நுழைய இந்த இரண்டு வழிகள் உண்டு.

முதலில் எண். ஜிஎஸ்டி எண்ணில் 15 இடங்கள். முதல் இரண்டும் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். கடைசி இடம் சரிபார்ப்புக்கென்றே வைத்தது. முன்னால் உள்ள 14 இடங்களையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. நடுவில் ஓர் எழுத்து பிசகினால் கணக்கு உதைக்கும், படிவம் ஏற்காது.

வண்டி எண்ணுக்கு அந்தக் காவல் கிடையாது. டிஎன் 28க்குப் பின்னால் இரண்டு எண்கள் இடம் மாறினாலும் அதுவும் யாரோ ஒருவருடைய வண்டியாக இருக்கும். அப்படி ஒரு வண்டி உண்டா என்றுதான் வாஹன் என்ற வண்டிப் பதிவேட்டில் பார்க்கப்படும். உண்டு என்றால் பில் தயார். லோடு ஏறியது ஒரு வண்டி, பில்லில் இருப்பது வேறு வண்டி. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி போல லாரியே பிழைப்பான ஊர்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஓரிரு எழுத்துப் பிழைக்காகச் சரக்கை முடக்க வேண்டாம், வெளிமாநில லோடு என்றால் 1000 ரூபாய் அபராதம் போதும் என்று 2018 செப்டம்பர் 14ஆம் தேதி ஜிஎஸ்டி சுற்றறிக்கையிலேயே வழி சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் சோதனையில் மாட்டி, ரோட்டோரம் மணிக்கணக்கில் நிற்பவர் டிரைவர்.

அடுத்து முகவரி. ஜிஎஸ்டி எண்ணை அடித்ததும் வந்து விழுவது பெரும்பாலும் தலைமைக் கடையின் முகவரி. சரக்கு இறங்கப் போகும் குடோன் வேறு ஊரில் இருக்கலாம். சரக்கு சேரும் இடத்தை நாம்தான் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பின்கோடு தப்பாகும். தூரத்தைப் பின்கோட்டை வைத்தே படிவம் கணக்கிடுகிறது. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று பில்லின் ஆயுள் அதிலிருந்து வருகிறது. தூரம் குறைந்தால் பாதி வழியில் பில் காலாவதியாகும். வந்து விழும் தூரத்தைவிடப் பத்து சதவீதம் வரை கூட்டிப் போட இடம் விட்டிருக்கிறார்கள். எனக்கு இந்தப் படிவத்தில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்: சொல்லவும் சொல்கிறது, வழி தெரிந்தவர் திருத்தவும் விடுகிறது.

தப்பு தெரிந்தால் என்ன செய்வது? போட்ட இ-வே பில்லைத் திருத்த முடியாது. வழியில் அதிகாரி சோதித்திருக்காவிட்டால், 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்து புதிதாகப் போடலாம். வண்டி எண்ணுக்கு ரத்து தேவையில்லை. வண்டி விவரம் இருக்கும் பார்ட் பி-யில் மாற்றிவிடலாம். பதிவேட்டிலேயே முகவரி பழையது என்றால், கடைக்காரர் ஜிஎஸ்டி பதிவில் திருத்தம் கேட்க வேண்டும். மாற்றம் நடந்த 15 நாளுக்குள் கேட்க வேண்டும் என்பது விதி. அதைச் செய்யாமல் ஒவ்வொரு பில்லிலும் கையால் திருத்திக்கொண்டிருந்தால், அடுத்த பில்லிலும் பழைய முகவரியே வந்து விழும்.

பில் போடும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். லோடு கிளம்பும் முன் பில்லைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய் நில்லுங்கள். பில்லில் உள்ள எண்ணை வாய்விட்டு வாசித்து, நம்பர் பிளேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இறங்கும் இடம் எது என்று டிரைவர் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.