குளிருக்குச் செலுத்தும் கப்பம்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று நம்மவர் கூறுவதுண்டு. இங்கிலாந்தில் வீடு வாங்கியவனுக்கு இப்பழமொழி போதாது. அங்கே வாங்கிய அன்றுதான் செலவு ஆரம்பமாகிறது. அக்டோபர் பிறந்ததும் குளிரானது, ஜமீன்தாரின் காரியஸ்தனைப் போல் வாசலில் வந்து நின்று தன் கப்பத்தைக் கேட்கிறது. கொடாதவன் நோயில் விழுகிறான்.

வெயிலில் வாழும் நேயர்களுக்கு இக்கப்பத்தின் தன்மையைச் சற்று விவரித்தல் அவசியம். எரிவாயுவால் எரியும் கொதிகலன் ஒன்று வீட்டில் இருக்கும். அதிலிருந்து செல்லும் வெந்நீர்க் குழாய்கள் அறைதோறும் உள்ள ரேடியேட்டர்களைச் சூடாக்கும். இக்கொதிகலனை வருஷத்துக்கொருமுறை தேர்ந்த தொழிலாளியைக் கொண்டு பரிசோதிக்க வேண்டும். எரிவாயுவைச் சிறிதும் கொளுத்தாத நாளுக்கும் நிலைக்கட்டணம் உண்டு. இலையுதிர் காலத்தில் கூரையோரத் தகரக் கால்வாயில் அடைந்த சருகை அள்ளாவிட்டால் மழைநீர் சுவருக்குள் இறங்கும். நீர் உறையும்பொழுது நூற்றுக்கு ஏறக்குறைய 9 பங்கு பருக்கும். ஆதலால் கடுங்குளிரில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் சென்றவன், திரும்பி வந்து குழாய் வெடித்துத் தரையெல்லாம் வெள்ளமாயிருக்கக் காண்பதுண்டு. வீடு முப்பது நாள் காலியாயிருந்தால் அந்நஷ்டத்துக்குத் தாங்கள் ஜவாப்தாரியல்லவென்று இன்ஷூரன்ஸ் பத்திரங்கள் பலவற்றில் பொடியெழுத்தில் அச்சிட்டிருக்கும். அதை வாசிக்க வக்கீலுக்கும் கண்ணாடி வேண்டும்!

இதனினும் வேடிக்கை ஒன்றுண்டு. 2005ஆம் வருஷ முதல் விதிப்படி வைக்கவேண்டியதான புதுமாதிரிக் கொதிகலன், புகையிலுள்ள நீராவியையும் குளிரச்செய்து அதன் உஷ்ணத்தை மீட்டுக்கொள்ளும் சிக்கன யந்திரம். அவ்வாறு பிரிந்த நீர், மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வழியே வடிகிறது. அக்குழாய் வீட்டுக்கு வெளியே சென்றால், குளிர் உச்சத்திலிருக்கும் இரவில் உறைந்து அடைத்துக்கொள்ளும். உடனே கொதிகலன் நின்றுவிடும். உஷ்ணம் மிகவும் வேண்டிய அந்த வேளையில் வீட்டுக்காரன் வெதுவெதுப்பான நீரைச் செம்பில் ஏந்திக்கொண்டு பனியில் ஓடுகிறான்.

இவையெல்லாம் சில்லறைச் செலவுகள். பெருஞ்செலவு சுவர் வழியே போகிறது. இங்கிலாந்தின் வீடுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று 1919க்கு முன் கட்டியது. அவற்றின் செங்கற்சுவர் பெரும்பாலும் 9 அங்குலக் கனமுள்ளது. குளிரைத் தடுக்க நடுவே இடைவெளி கிடையாது. காசு கொடுத்து ஏற்றிய உஷ்ணம் தெருவுக்குப் போய்விடுகிறது. இத்தகைய ஓட்டைக்குடத்தில் நீர் வார்ப்பதையே அந்நாட்டுச் சர்க்கார் ராஜதந்திரமெனக் கருதி வந்திருக்கிறது.

2021 அக்டோபரில் சராசரிக் குடும்பமொன்றின் எரிபொருட் கணக்கு, வருஷத்துக்கு 1,277 பவுன் என்று உச்சவரம்பு இருந்தது. அடுத்த அக்டோபருக்கு அது 3,549 ஆகுமென அறிவித்தனர். ஜனங்கள் அலறவே, சர்க்கார் அதை 2,500 பவுனில் நிறுத்தி, மிச்சத்தைத் தானே கொடுத்தது. இவ்வாறு கொடுத்தது 2,000 கோடிப் பவுனுக்கு மேல். அன்று உயிரைக் காக்க அது வேண்டியதே, நாம் குறைகூறவில்லை. ஆனால் அப்பணம் முழுவதும் எரிந்து போயிற்று, சுவர் இருந்தபடியே இருக்கிறது. முதியோருக்கு 1997 முதல் அளித்துவந்த குளிர்கால உதவியை, 2024 ஜூலையில் நிதி மந்திரி ரேச்சல் ரீவ்ஸ் வறியவர்க்கு மட்டுமென்று சுருக்கினார். கூக்குரல் எழுந்தது. 2025 ஜூனில், 35,000 பவுன் வரை வருமானமுள்ளோர்க்கெல்லாம் அது திரும்பியது. இந்த இழுபறியில் எந்த வீட்டின் ஓட்டையும் அடைபடவில்லை.

வரி விஷயமோ விபரீதம். புது வீடு கட்டுவதற்கு மதிப்புக் கூட்டு வரி இல்லை. எரிபொருளுக்கு நூற்றுக்கு 5. குடியிருக்கும் பழைய வீட்டின் ஒழுகும் கூரையைச் செப்பனிட்டால் 20! குளிர் தடுக்கும் சாதனங்களைப் பொருத்துவதற்கு 2022 முதல் 2027 மார்ச் வரை வரி விலக்கு அளித்திருப்பது மெய்தான். எனினும் ஈரம் ஊறிய சுவருக்குக் கவசம் மாட்டினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சணம் பூக்கும். முதலில் செப்பனிட வேண்டும். அதற்கோ முழு வரி.

சர்க்கார் திட்டத்தை நம்பியவர்கள் கதி என்ன? வெளிச்சுவருக்குக் கவசமிட்ட சுமார் 22,000 வீடுகளில், நூற்றுக்கு 98 வீடுகளின் வேலை பெரும் பழுதுடையதென்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. இத்திட்டங்களுக்கான பணம் குடும்பங்களின் எரிபொருட் கட்டணத்தோடு சேர்த்து வசூலித்தது. ஆகவே ஒரே வீட்டுக்காரன் பழுதான வேலைக்குத் தன் கட்டணத்தில் பங்கு கொடுத்து, ஈரச்சுவரையும் பெற்றான். வேலை செய்தவர்களே சொந்தச் செலவில் திருத்தவேண்டுமென்று மந்திரிகள் கூறுகின்றனர். ஒப்பந்தக்காரன் கடையை மூடிவிட்டால் யாரைத் தேடுவது? திட்டத்தை வகுத்து, மேற்பார்வையில் தவறிய சர்க்காரே அவ்வீடுகளைத் தன் பொறுப்பில் ஏற்க வேண்டும். பழைய வீட்டைச் செப்பனிடுவோர்மீது சுமத்திய 20 பங்கு வரியையும் அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே நீக்க வேண்டும்.