மானியத்துக்கு முன் மின் அட்டையைப் பாருங்கள்

கேள்வி: மாடியில் சோலார் போட்டால் 78,000 ரூபாய் மானியம் என்கிறார்கள். நகையை அடகு வைத்துப் போடலாமா?
- வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: அவசரம் வேண்டாம். பி.எம். சூர்யா கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் முழுத் தொகையையும் முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும். பேனல் பொருத்தி, ஆய்வு முடிந்த பிறகே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும்.

முதலில் வீட்டு மின் அட்டையை எடுத்துப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் ஓடினால், 100 யூனிட் இலவசம் போக நீங்கள் கட்டுவது சில நூறு ரூபாய்தான். அதை மிச்சப்படுத்த நகையை வைத்தால் வட்டிதான் மிஞ்சும்.

500 யூனிட்டைத் தொடும் வீடென்றால் போடலாம். 1 கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும்; நிழல் விழாத 100 சதுர அடி இடம் வேண்டும். 2 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் சுமார் 480 யூனிட். 78,000 மானியத்துக்காக 3 கிலோவாட்டுக்குப் போக வேண்டியதில்லை. பொதுத்துறை வங்கிகளில் இதற்கு அடமானம் இல்லாத கடனும் உண்டு.

இன்னொன்று: பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் பகலிலும் நின்றுவிடும். லைனில் வேலை பார்ப்பவருக்கு ஷாக் அடிக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு.