நலப் பகுதி: முழங்கால் வலிக்கு ஓய்வு மருந்தாகுமா?

சென்ற இதழில் கண்புரையைப் பற்றி எழுதியதைப் படித்த அன்பர் சிலர், முதியோரின் முழங்கால் வலியைப் பற்றியும் எழுதுமாறு கேட்டிருந்தனர். யான் வைத்தியன் அல்லேன், ரயில்வே குமாஸ்தா. டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையே தருகின்றேன்.

ஊரில் கோயிலுக்கும் கடைவீதிக்கும் நடந்து பழகிய தாயாரை மாதுங்காவிலோ செம்பூரிலோ லிப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு அழைத்து வருகிறோம். கால் வலிக்கிறது என்றதும், "அம்மா, நீங்கள் எழுந்திருக்கவே வேண்டாம்" என்கிறோம். அன்பினால் சொல்வதுதான், கெடுதலும் அதனால்தான்.

முதுமையில் வரும் முழங்கால் வாதத்தில் எலும்பு முனைகளை மூடியுள்ள குருத்தெலும்பு தேய்கிறது. அதனை மீண்டும் வளர்க்கும் மாத்திரை இன்றுவரை இல்லை. ஆயினும் மூட்டுக்குத் தொடையின் முன்புறத் தசையும் ஒரு தாங்கல். அசையாதிருந்தால் அத்தசை மெலிந்து, மூட்டின் மீது சுமை கூடி, வலி மிகும். எக்ஸ்ரே படத்தில் தேய்வு மிகுதியாய்த் தெரிந்தும் நன்றாக நடமாடுவோர் பலர் உளர். படத்தைக் கண்டு அஞ்ச வேண்டா.

செய்ய வேண்டிய பயிற்சி எளிது. மல்லாந்து படுத்து ஒரு காலை மடித்துக்கொண்டு, மற்றதை நீட்டியபடியே ஒரு சாண் உயரம் தூக்கி, ஐந்து எண்ணி மெல்ல இறக்க வேண்டும். காலுக்குப் பத்து முறை, நாளுக்கு இரு வேளை. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். நம்மவர் பத்தாம் நாளே விட்டுவிடுகிறார்கள்! பருத்த உடலினர் 1 கிலோ எடை குறைத்தால், நடையில் ஒவ்வோர் அடிக்கும் மூட்டின் மீது விழும் சுமை ஏறக்குறைய 4 கிலோ குறையும். கைத்தடியை வலியில்லாத பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். படியேறுகையில் நல்ல கால் முன்னே. இறங்குகையில் வலிக்கும் கால் முன்னே.

வலி மாத்திரைகளைக் கடையில் தாமே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் இரைப்பை புண்ணாகும், சிறுநீரகம் கெடும். லேபிள் இல்லாத 'அற்புத' சூரணங்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது சோதனைகளில் வெளிப்பட்டுள்ளது. நெடுநாள் உண்டவர் அதனைத் திடீரென நிறுத்தாமல், பொட்டலத்துடனே டாக்டரிடம் செல்க.

மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சலும் கண்டால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விழுந்தபின் கால் ஊன்ற முடியாவிடினும் அவ்வாறே. விரல் மூட்டுகள் வீங்கிக் காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருப்பது வேறு வகை வாதம். அதற்கு மருந்து உண்டு, தாமதம் கூடாது.

இவையெல்லாம் செய்தும் இரவில் உறங்கவொட்டாமல் வலித்தால் மூட்டு மாற்று அறுவையைப் பற்றிக் கேட்கலாம். செயற்கை முழங்கால் மூட்டுக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் விலை உச்சவரம்பு விதித்தது. பில்லில் மூட்டின் விலையைத் தனியே காட்டுமாறு கேளுங்கள். அடுத்த இதழில் இடுப்பெலும்பு முறிவு பற்றி எழுதுவேன்.