மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு படம்!

போன இதழில் மாவடு ஜாடியைப் பற்றி எழுதும்போது, ‘இந்த ஜாடியை நானே படம் போட்டு வைத்திருக்கிறேன்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான்! மாவடுவை விட்டுவிட்டு எல்லோரும் அந்தப் படத்தைப் பற்றியே கேட்கிறார்கள். ‘எங்கே கற்றுக் கொண்டீர்கள்? வீட்டு வேலைக்கு நடுவே நேரம் எப்படிக் கிடைக்கிறது?’

எங்கேயும் கற்றுக் கொள்ளவில்லை, சகோதரிகளே. நேரமும் கிடைக்கவில்லை. கோபம் வந்தது. அதில்தான் ஆரம்பம்.

என் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. மூன்று வருஷமாக மறதி நோய். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் அவர் பக்கத்திலேயே நான் உட்கார்ந்திருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு, “எங்க வீட்டுக்குப் போறேன்” என்று கிளம்பி விடுவார். என்னைத் தன் அக்கா என்று நினைத்துக் கொண்டிருக்கிறார். “அக்கா, மணி என்னக்கா?” என்பார். சொல்வேன். இரண்டு நிமிஷம் கழித்து மறுபடியும், “அக்கா, மணி என்னக்கா?” ஒரு மணி நேரத்தில் இருபது தடவையாவது கேட்பார்.

ஒரு நாள், “இன்னொரு தரம் கேட்டீங்கன்னா பாருங்க!” என்று கத்திவிட்டேன். அவர் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, அடி வாங்கின குழந்தை மாதிரி சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்து விட்டார். என் இரண்டு பிரசவத்துக்கும் பத்தியச் சாப்பாடு ஆக்கிப் போட்ட மனுஷி அவர். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள், கைக்கு ஏதாவது வேலை கொடுத்தால் வாய் சும்மா இருக்குமே என்று, மகள் எழுதாமல் மீதி வைத்திருந்த ரெக்கார்டு நோட்டை எடுத்தேன். அதில் ஒரு பக்கம் கோடில்லாமல் இருக்குமல்லவா? எதிரே இருந்த தண்ணீர்ச் சொம்பைப் பென்சிலால் வரைந்தேன். பார்ப்பதற்குச் சொம்பு மாதிரி இல்லை, பரங்கிக்காய் மாதிரி இருந்தது! ஆனால் ஒரு அதிசயம். “அக்கா, மணி என்னக்கா?” என்றபோது, தலை நிமிராமலே, “ரெண்டேகால்மா” என்று சொல்லியிருக்கிறேன். என் குரலில் எரிச்சல் இல்லை.

சின்ன வயதில், தாத்தா பைண்டு செய்து வைத்திருந்த பழைய ஆனந்த விகடன்களில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்று சில்பி வரைந்த கோயில் சிற்பங்களைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறேன். வரைந்தால் அப்படி வரைய வேண்டும், இல்லாவிட்டால் தொடவே கூடாது என்று ஒரு நினைப்பு. பத்தாம் வகுப்போடு பென்சிலைக் கீழே வைத்ததற்கு அதுவே காரணம். ஆனால் அந்தச் சில்பியும் கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு எதிரே உட்கார்ந்து, பார்த்துப் பார்த்துத்தானே வரைந்தார்! பார்ப்பதுதான் பாதி வேலை என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

ஒன்றரை வருஷத்தில் மூன்று நோட்டு முடிந்திருக்கிறது. நான் கண்டுகொண்டதைச் சொல்கிறேன்.

‘நேரம் கிடைக்கும்போது வரையலாம்’ என்றிருந்தால் அது நடக்காது. தினம் தவறாமல் நடக்கிற ஒரு வேலையோடு இதை முடிச்சுப் போட்டு விடுங்கள். எனக்கு மத்தியானம் அத்தைக்கு மாத்திரை கொடுத்த கையோடு நோட்டு. கைக்குழந்தைக்காரர்களுக்குத் தூளி ஆட்டி முடித்த நேரம் தோதாக இருக்கும். பத்து நிமிஷம் போதும்.

சாமான்களைப் பரணில் வைக்காதீர்கள். ஒரு பிஸ்கட் டின்னில் 2பி பென்சில், ரப்பர், பெயின்ட் டப்பா, 6-ம் நம்பர் உருண்டைப் பிரஷ், ஒரு பழைய துணி. அவ்வளவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தேடிக்கொண்டிருந்தால் பத்து நிமிஷமும் அதிலேயே போய்விடும்.

நன்றாக வரவில்லை என்று எந்தப் பக்கத்தையும் கிழிக்காதீர்கள். கீழே தேதி மட்டும் போடுங்கள். என் பரங்கிக்காய்ச் சொம்பு இன்னும் முதல் பக்கத்தில் இருக்கிறது. மனசு சோர்ந்தால் அதைத்தான் திருப்பிப் பார்ப்பேன்.

நாள் தவறினால் தவறட்டும். பொங்கலுக்கு ஊரிலிருந்து எல்லோரும் வந்ததில் பதினோரு நாள் நோட்டைத் தொடவில்லை. விட்ட நாளுக்கெல்லாம் சேர்த்து வரையலாம் என்று உட்கார்ந்தேன். மலைப்பாக இருந்தது. மூடி வைத்துவிட்டேன். மறுநாள் ஒரே ஒரு எலுமிச்சம்பழம் வரைந்தேன். சரியாகிவிட்டது.

முதல் இரண்டு வாரம் வர்ணமே வேண்டாம். எலுமிச்சை, கத்தரிக்காய், டம்ளர் என்று எதிரே இருப்பதன் ஓரத்தைக் கண்ணால் மெதுவாகத் தடவுகிற மாதிரி பார்த்துக்கொண்டே கோடு போடுங்கள்.

அப்புறம் காப்பி டிகாக்‌ஷன்! சிரிக்காதீர்கள். சர்க்கரை சேராத டிகாக்‌ஷனை ஒரு தட்டில் மூன்று இடத்தில் ஊற்றி, ஒன்றில் நிறையத் தண்ணீர், ஒன்றில் கொஞ்சம், ஒன்றை அப்படியே விட்டு வையுங்கள். வெளிச்சம், அரை நிழல், நிழல் என்று மூன்றும் கிடைத்துவிடும். காசு செலவில்லை. ஆனால் வரைகிற டம்ளரையும் குடிக்கிற டம்ளரையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்காதீர்கள். நான் ஒரு நாள் என் காப்பியிலேயே பிரஷ்ஷைக் கழுவிவிட்டேன்!

மஞ்சள்தூளைக் கரைத்தும் எலுமிச்சம்பழத்துக்குப் பூசிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. ஜன்னலோரம் வெயில் பட்டுச் சில நாளில் வெளுத்துவிட்டது. சுண்ணாம்பு பட்டால் ஆரத்தி மாதிரி சிவந்தும் போகும். அதனால் நிலையாக இருக்க வேண்டிய படத்துக்குக் கடையில் விற்கிற வாட்டர் கலர் கட்டிகளே நல்லது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குகிற பன்னிரண்டு கலர் டப்பா போதும்.

இந்த வர்ணத்தில் வெள்ளை என்பது காகிதம்தான். சொம்பின் பளபளப்பு எங்கே இருக்கிறதோ, அந்த இடத்தைப் பூசாமல் விட்டுவிட வேண்டும். முதலில் இளம் வர்ணம். அது காய்ந்த பிறகு அடர்த்தி. காயுமுன் அடுத்ததைப் பூசினால் ஒன்றுக்குள் ஒன்று பரவிவிடும். இரண்டு கிண்ணம் தண்ணீர் வையுங்கள், ஒன்று பிரஷ் அலச, ஒன்று வர்ணம் கரைக்க. டப்பாவில் இருக்கிற பச்சையை அப்படியே பூசினால் பிளாஸ்டிக் இலை மாதிரி இருக்கும். துளி சிவப்பு சேர்த்துப் பாருங்கள், கறிவேப்பிலைப் பச்சை வந்துவிடும்! நோட்டுக் காகிதம் தண்ணீர் பட்டால் அப்பளம் மாதிரி சுருங்கும். கை கொஞ்சம் பழகிய பிறகு 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள வாட்டர் கலர் காகிதத்தில் நாலைந்து தாள் வாங்கிக் கொள்ளலாம். பிரஷ்ஷைத் தண்ணீரிலேயே நிற்க வைக்காமல், அலசிப் படுக்க வைத்துக் காயவிடுங்கள். குழந்தைகள் பிரஷ்ஷை வாயில் வைக்காமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

இனி அத்தை விஷயத்துக்கு வருகிறேன்.

போன மார்கழியில் ஒரு நாள் பால் பொங்குகிற சத்தம் கேட்டு நான் அடுப்படிக்கு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால், அவர் கையில் என் பிரஷ்! நான் பாதி வரைந்து வைத்திருந்த கத்தரிக்காய் மேலேயே டிகாக்‌ஷனால் புள்ளி புள்ளியாக வைத்திருந்தார். மூன்று நாள் உழைப்பு. “ஐயோ!” என்று தொண்டை வரைக்கும் வந்தது. எப்படியோ விழுங்கிக் கொண்டேன்.

உற்றுப் பார்த்தால், அது ஐந்து புள்ளி, இடைப்புள்ளி மூன்று. வரிசை கொஞ்சம்கூடக் கோணவில்லை. பிரஷ்ஷை எடுத்துச் சிக்குக் கோலம் இழுக்க ஆரம்பித்தார். கை நடுங்கியது, வளைவு தப்பவில்லை. பெற்ற மகனின் பெயர் மறந்து போனவருக்கு எந்தப் புள்ளியைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது மறக்கவில்லை! கடைசி வளைவு தொடங்கின இடத்திலேயே வந்து சேர்ந்தது. பிரஷ்ஷை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “அக்கா, மணி என்னக்கா?” என்றார்.

பல வருஷம் பழகின கைவேலை, பெயர்களெல்லாம் போன பிறகும் கொஞ்ச காலம் தங்கியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். இது வைத்தியம் இல்லை, நோய் குணமாகவும் இல்லை. சில நாள் பிரஷ்ஷைத் தொடக்கூட மாட்டார். எனக்கும் கோபம் அடியோடு போய்விடவில்லை. போன வாரம்கூட ஒரு தடவை சுள்ளென்று பேசிவிட்டேன். ஆனாலும் மாத்திரை கொடுத்த கையோடு இப்போது இரண்டு பிரஷ் எடுத்து வைக்கிறேன்.

அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. கத்தரிக்காயும் கோலமும் அதில் ஒன்றாகவே இருக்கின்றன. கீழே தேதி போட்டு, அவர் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன்.

நாளைக்கே உங்கள் வீட்டுச் சொம்பை எதிரே வைத்துக்கொண்டு உட்காருங்கள். பரங்கிக்காய் மாதிரி வந்தால் கவலைப்படாதீர்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது!