ஷேக்ஸ்பியரைத் திருடப் போன பையனும் திருப்பதி துரை வேஷமும்

அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் எனக்குப் பிடித்த பழக்கம் ஒன்று உண்டு. ஆறாவது, ஏழாவது படிக்கும் பிள்ளைகள் கையில் ஒரு முழு நாவலைக் கொடுத்துவிடுவார்கள். வாரக்கணக்கில் அதிலேயே ஊறவேண்டும். நாமெல்லாம் 'கதைச் சுருக்கம் வரைக' என்பதோடு தப்பித்தவர்கள். இங்கே 'அவன் ஏன் அப்படிச் செய்தான், நீயாக இருந்தால் என்ன செய்வாய்' என்று கேட்டுக் குடைகிறார்கள்.

அப்படி என் மகளுக்கு வந்த புத்தகம் 'தி ஷேக்ஸ்பியர் ஸ்டீலர்'. கேரி பிளாக்வுட் 1998-ல் எழுதியது. உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கலாம், இல்லையென்றால் நூலகத்தில் கிடைக்கும். கதை நடப்பது 1601-ல். விட்ஜ் என்று ஒரு அனாதைப் பையன், பதினாலு வயது. சுருக்கெழுத்து கற்றவன். அந்த ஒரு திறமைக்காக அவனை ஒருவர் விலைக்கு வாங்கி லண்டனுக்கு அனுப்புகிறார். குளோப் நாடக அரங்கில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று 'ஹாம்லெட்' நாடகத்தை வரிவரியாக எழுதிக்கொண்டு வரவேண்டும், அதுதான் வேலை. பையன் கடைசியில் அந்த நாடகக் கம்பெனியிலேயே சேர்ந்துவிடுகிறான். அங்கே பெண் வேஷம் கட்டும் ஜூலியன் என்ற பையனோடு சிநேகம். பாதிக்கு மேல் போன பிறகுதான் தெரிகிறது, ஜூலியன் பையனே இல்லை, ஜூலியா!

கதை கற்பனை என்றாலும் அடித்தளம் சரித்திரம். அந்தச் சுருக்கெழுத்தை உருவாக்கிய டிமதி பிரைட் நிஜ மனிதர், அவர் புத்தகம் 1588-ல் வந்தது. அந்தக் காலத்தில் நாடகம் எழுதியவருக்கு இன்றைய மாதிரி காப்புரிமை கிடையாது. பிரதி யார் கையில் இருக்கிறதோ அவர்கள் பாடு கொண்டாட்டம். அதனால் கம்பெனிகள் பிரதியைப் பூட்டி வைத்தன. 1603-ல் வந்த முதல் 'ஹாம்லெட்' அச்சுப் பிரதி அரைகுறையானது. ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு வருடம் கழித்து 1623-ல் சக நடிகர்கள் பெரிய தொகுப்பைப் போடாமல் இருந்திருந்தால் அவருடைய நாடகங்களில் பாதி நமக்குக் கிடைத்தே இருக்காது. பெண்கள் லண்டன் பொது மேடையில் நடிகைகளாக ஏறியது 1660-க்குப் பிறகுதான். அதுவரை ஒஃபீலியாவும் ஜூலியட்டும் குரல் உடையாத பையன்கள்தான்.

பையன்கள் பாவாடை கட்டி நடித்தார்கள் என்றதும் வகுப்பில் ஒரே சிரிப்பாம். இவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். இங்கேதான் எனக்கு விஷயம் ஆரம்பிக்கிறது. சித்தூர், திருப்பதி பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளை இதற்கு ஆச்சரியப்படலாமா?

திருப்பதி என்றால் உலகத்துக்கே மலை மேல் இருக்கும் பெருமாள்தான் தெரியும். கீழே ஊருக்குள் தாத்தய்யகுண்டாவில் இருக்கும் கங்கம்மாவை ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மே மாதம் ஜாத்திரை. வேண்டுதல் வைத்த ஆண்கள் புடவை கட்டி, பூ வைத்து, வளையல் போட்டு அம்மனைப் பார்க்கப் போவார்கள். யாரும் சிரிக்கமாட்டார்கள். ஊர்க் கதை என்னவென்றால், பெண்களை வதைத்த பாளையக்காரன் ஒருவன் கங்கம்மாவுக்குப் பயந்து ஒளிந்துகொண்டான். அவனைத் தேடி அவள் நாளுக்கு ஒரு வேஷம் போட்டாள். பைராகி, தோட்டி என்று வரிசையாக வந்து, கடைசியில் துரை வேஷத்தில் வந்தபோது அவன் வெளியே வந்தான், தலை போயிற்று. அந்த வேஷங்களை வழிவழியாகக் கட்டுவது கைக்கால குடும்பத்து ஆண்கள்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு ஆண், அம்மனாக நிற்கிறான். அந்த அம்மன், துரையாக வேஷம் போடுகிறாள். ஷேக்ஸ்பியரின் 'ட்வெல்ஃப்த் நைட்'டில் வயோலாவாக நடிக்கும் பையன் செய்வதும் இதேதான்: பையன் பெண்ணாகி, அந்தப் பெண் ஆணாக வேஷம் போடுகிறாள். இரட்டை வேஷத்தின் ருசியை ஆங்கில ஆசிரியர் ஒரு வாரம் பாடம் நடத்துகிறார். நம் ஊரில் அது தெருவில் நடந்து வருகிறது.

அடுத்தது பாரதக் கூத்து. பழைய சித்தூர் மாவட்டம் முழுக்க தர்மராஜா கோயில்கள் உண்டு, திரௌபதி அம்மன் கோயில் என்றும் சொல்வோம். கோடையில் பாரதம் வைத்தால் பகலில் ஹரிகதை, ராத்திரி விடிய விடிய நாடகம். தமிழ் பேசுகிறவர்கள் தெருக்கூத்து என்போம், தெலுங்கில் வீதி நாடகம். பகாசுரனுக்கு வண்டியில் சோறு போகும். அர்ஜுனன் தபசுக்கு உயரமான மரக்கம்பத்தில் நடிகர் பாடிக்கொண்டே ஏறுவார். கீழே பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் ஈரப்புடவையோடு காத்திருப்பார்கள். கடைசி நாளில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் படுத்திருப்பான். பிறகு தீமிதி. இதில் திரௌபதியாக நிற்பவரும் பரம்பரையாக ஆண்தான்.

மேடை நாடகத்துக்கு வருவோம். குளோப் கம்பெனியின் பயிற்சிப் பையன்களுக்கு நேர் சமானம் நம்முடைய பாய்ஸ் கம்பெனிகள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையில் சேர்ந்தபோது டி.கே. சண்முகத்துக்கு வயது ஆறு. எம்.ஜி.ஆரும் அவர் அண்ணனும் சிறு வயதில் இப்படி ஒரு கம்பெனியில் வளர்ந்தவர்கள்தான். குரல் உடைவதை மகரக்கட்டு உடைவது என்பார்கள். ஸ்திரீ பார்ட் போடும் பையனுக்கு அது வந்தால் அவன் பிழைப்பே ஆட்டம் கண்டுவிடும். லண்டன் பையனுக்கும் அதே கதி.

'ஹாம்லெட்' தமிழுக்கு வந்த வழியில் நம்ம ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சுவாரசியம் இருக்கிறது. பம்மல் சம்பந்த முதலியார் அதை 'அமலாதித்யன்' என்று தழுவி எழுதினார். அவருக்கு நாடகப் பைத்தியம் பிடித்ததே 1891-ல் பெல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவின் தெலுங்கு நாடகக் குழு சென்னைக்கு வந்து நடித்ததைப் பார்த்துத்தான். அதுவரை தமிழ் நாடகம் என்றாலே அவருக்கு ஆகாது. அதே வருடம் சுகுண விலாச சபை பிறந்தது. தெலுங்கு மேடை தமிழுக்குக் கொடுத்த கடன் என்று இதைச் சொல்லலாம். வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் தெலுங்கும் படித்து, 1960 எல்லை மாற்றத்தில் திருத்தணி அந்தப் பக்கம் போக நாம் இந்தப் பக்கம் நின்றோமே, நமக்கு இதில் இரட்டைப் பங்கு உண்டு.

நிற்க. 'ஐரோப்பாக்காரன் செய்ததெல்லாம் நாம் ஆயிரம் வருடம் முன்பே செய்துவிட்டோம்' என்ற பழைய பல்லவியைப் பாடுவதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. பிள்ளைகள் அந்தப் பல்லவியைக் கேட்டதும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறார்கள். போவதில் நியாயமும் இருக்கிறது.

விட்ஜ் என் மகளைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் ஆங்கில நாடகத்தின் பெருமை கிடையாது. அந்தப் பையனுக்குப் பசிக்கிறது, பொய் சொல்கிறான், பயப்படுகிறான். திருடச் சொன்ன எஜமானனா, சோறு போட்டு மனிதனாக நடத்திய கூட்டமா என்று தானே முடிவெடுக்கவேண்டியிருக்கிறது. அந்தக் கால மேடையின் கொடுமையையும் ஆசிரியர் மறைக்கவில்லை. சரித்திரத்தில் அதைவிட மோசமாகவே நடந்திருக்கிறது. 1600-ல் தாமஸ் கிளிஃப்டன் என்ற பதின்மூன்று வயதுப் பையனைப் பள்ளிக்கூடம் போகும் வழியில் மடக்கி, நடிக்கவைக்க இழுத்துக்கொண்டு போனார்கள். அப்பா செல்வாக்குள்ளவர் என்பதால் மீட்டார்.

நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பாரம்பரியத்தில் இப்படிப் பசித்த பிள்ளை யாராவது உண்டா? ராஜராஜன் உண்டு, கோபுரம் உண்டு, வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் பரதநாட்டியம் உண்டு. கூத்து கிடையாது. கூத்தாடி என்பதை வசவாகவே வைத்திருக்கிறோம். ஆடுகிறவர்களின் சாதியும் வறுமையும் நமக்குக் கூச்சம். கங்கம்மா ஜாத்திரையை இங்கே வளர்ந்த பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று தயங்கி, மலைக் கோயில் படத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். மிச்சம் இருப்பது பெருமை மட்டும். அதில் பிள்ளை தன்னை வைத்துப் பார்க்க இடமே இல்லை.

பாய்ஸ் கம்பெனிக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகளில் வறுமை இருந்தது. பிள்ளைகள் அடி வாங்கினார்கள், அம்மாவை நினைத்து அழுதார்கள், மேடையில் கைதட்டலும் வாங்கினார்கள். சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை', சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்' இரண்டும் நல்ல புத்தகங்கள். ஆனால் பெரியவர்களுக்கானவை, அதிலும் சரளமாகத் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்கு. நம் பிள்ளைகளுக்கு வேண்டியது, அந்தப் பையனின் கண்ணால் சொல்லப்பட்ட ஒரு நாவல். தமிழிலும் வரவேண்டும், ஆங்கிலத்திலும் வரவேண்டும்.

'மார்க் வாங்க வேண்டிய புத்தகத்தைப் படிக்கவே நேரமில்லை, இதில் கூத்து வேறா' என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இரண்டும் தனித்தனி வேலை இல்லை. துரை வேஷத்தைத் தெரிந்த பிள்ளைக்கு வயோலா சட்டென்று புரிவாள். காஞ்சிபுரம் பக்கத்தில் பி. ராஜகோபால் நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டப் பழகினார்கள். சித்தூரிலிருந்து அது சில மணி நேரப் பயணம்தான். ஆண்கள் மட்டுமே ஆடிய கூத்தில் பெண்கள் வந்து நின்ற கதையைக் கேட்ட பிள்ளை, ஜூலியாவைப் பற்றி எழுதும் கட்டுரையில் மற்றவர்களால் எழுத முடியாத ஒரு பத்தியை எழுதும்.

ஆகவே இந்தப் புத்தகமோ இதைப் போன்ற இன்னொன்றோ வீட்டுக்கு வந்தால் நீங்களும் படியுங்கள். பிறகு ஊருக்குப் போன் போட்டு, தாத்தா பாட்டியிடம் பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள்: பாரதம் பார்த்தீர்களா, திரௌபதி வேஷம் யார் கட்டினார்கள், அந்த ஆளுக்கு மறுநாள் காலையில் என்ன வேலை, அவர் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்களா? பதிலைப் பதிவு செய்து வையுங்கள். கடைசி இரண்டு கேள்விகளை விட்டுவிடாதீர்கள், நாவல் அங்கேதான் இருக்கிறது.

எழுதக்கூடியவர்கள் நம்மில் பலர் இருக்கிறீர்கள். யாராவது ஆரம்பியுங்கள். முதல் பிரதிக்கு எங்கள் வீட்டில் ஒரு வாசகி தயார் :-)