மீன் குழம்போடு ஒரு கைப்பிடி கீரை



ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள்கள் நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்பிடித் தடைக்காலம். படகுக் கூலியை நம்பியிருக்கும் வீட்டில் அப்போது கையில் காசு குறையும். காய்கறி வாங்குவதும் குறையும். ராமேசுவரம் தீவின் கோடியில் இருக்கும் ஊர்களுக்குக் கீரைக்கட்டு வெளியிலிருந்துதான் வர வேண்டும். வெயிலில் வாடித்தான் வரும்.

மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு மீன் இருக்கிறதே, சத்துக்கு என்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. விலை போகும் மீன் ஏலத்துக்குப் போய்விடும். வீட்டுக்கு வரும் சாளையும் காரலும் நல்ல உணவுதான், மறுக்கவில்லை. ஆனாலும் மீனும் சோறும் மட்டும் வளரும் பிள்ளைக்குப் போதாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடல் சுலபமாக எடுத்துக்கொள்ளாது. அதே தட்டில் ஒரு துண்டு மீன் இருந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். அந்த மீன் இவர்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. வேண்டியது கீரைதான்.

மணலில் கீரை வருமா? வரும். தண்ணீர் தங்காது, உப்புக்காற்று தளிரைக் கருக்கும். இவற்றுக்கு வழி செய்தால் போதும். பழைய சாக்கில் மண், மக்கிய சாணம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் கலந்து நிரப்பி, கடல் பக்கம் பனையோலைத் தட்டி கட்டலாம். மீன் அலசிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். உப்புப் போட்டு அலசியது மட்டும் வேண்டாம். மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடையில் ஊறவைத்தால் மீன் அமிலம் கிடைக்கும். தண்ணீர் நிறையக் கலந்து தெளித்தால் கீரை தளதளவென்று வரும். முளைக்கீரையை ஒரு மாதத்துக்குள் பறித்துவிடலாம்.

எனக்கு எல்லாவற்றையும்விட முருங்கைமேல்தான் நம்பிக்கை. புயல் காற்றில் கிளை முறியும். முறிந்த இடத்திலேயே மறுபடி துளிர்க்கும். வேலியோரம் ஒரு போத்து ஊன்றினால், தடைக்காலத்திலும் பிள்ளையின் தட்டில் கீரை இருக்கும்.

கடற்கரை ஊர்களில் உறவோ நட்போ உள்ளவர்கள், அடுத்த முறை போகும்போது பிள்ளைகளுக்கான தின்பண்டத்தோடு ஒரு முருங்கைப் போத்தும் ஒரு பிடி கீரை விதையும் கொண்டுபோங்கள். நட்டுவிட்டு எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்